ஒப்பிட்டு எழுதுவது எப்படி?



"பாரதியாரையும் பாரதிதாசனையும் ஒப்பிடுக" என்றால், பலர் இரண்டு வாழ்க்கை வரலாறுகளை எழுதிவிடுகின்றீர்கள். அது ஒப்பீடு ஆகாது.

முதலில், ஒப்பிட வேண்டிய பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. புதுவைத் தொடர்பு: பாரதியார் 1908இல் அடைக்கலம் தேடி வந்தவர், பாரதிதாசன் 1891இல் இங்கேயே பிறந்தவர்.

2. கடவுள் கொள்கை: முன்னவர் பராசக்தியைப் பாடினார்; பின்னவர் பிற்காலத்தில் பகுத்தறிவாளரானார்.

3. பெண்கல்வி: இருவருமே வேண்டினர்.

பொருளுக்கு ஒரு பத்தி அமையுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் இருவரும் இடம்பெறட்டும். ஒற்றுமையைக் கூற 'அதுபோலவே', வேற்றுமையைக் கூற 'ஆனால்', 'மாறாக' என்னும் சொற்கள் உதவும்.

முடிவுரையில் உங்கள் கருத்து வேண்டும். கடவுள் கொள்கையில் வேறுபட்ட இருவரும் பெண்கல்வியில் ஒன்றுபட்டது ஏன்? உரைநூலைப் பாராமல், நீங்களே சிந்தித்து எழுதுங்கள்.