குழந்தையை ஏன் மல்லாந்து படுக்க வைக்க வேண்டும்?

மாணவர்களே, பொந்தியான் வட்டாரத்தில் இன்றும் பல வீடுகளில் கைலித் துணியை ஸ்பிரிங்கில் மாட்டித் தொட்டில் கட்டுகிறார்கள். அம்மா சமையலில் இருந்தால், தம்பியையோ தங்கையையோ தூங்க வைப்பது உங்கள் வேலையாகிவிடும். ஆகவே, இந்தப் பாடம் உங்களுக்கும் தேவை.

நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே இறந்துவிடுவது உண்டு. பிரேதப் பரிசோதனை செய்து, உறங்கிய இடத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் ஆராய்ந்த பிறகும் காரணம் தெரியாவிட்டால், அதைத் 'திடீர் சிசு மரணம்' என்கிறார்கள். இப்பெயர் 1969இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடந்த மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இது பொருந்தும். 2 முதல் 4 மாதக் குழந்தைகளிடம் அதிகம் நிகழ்கிறது.

மூன்றும் சேரும்போது

1994இல் ஃபிலியானோ, கின்னி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தனர். குழந்தையின் உடலில் மறைந்திருக்கும் குறை, வேகமாக வளரும் பருவம், வெளியிலிருந்து வரும் நெருக்கடி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சேரும்போது மரணம் நேர்கிறது என்பது அவர்கள் கருத்து.

அந்தக் குறை எங்கே இருக்கலாம்? முகுளம் பற்றி உயிரியலில் படித்திருப்பீர்கள். இரத்தத்தில் கரிவளி கூடினால் மூச்சை வேகப்படுத்துவது அதுதான். குப்புறப் படுத்த குழந்தையின் முகம் மெத்தையில் புதைந்தால், தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் சுவாசிக்கும். கரிவளி கூடும், உயிர்வளி குறையும். பெரும்பாலான குழந்தைகள் உடனே விழித்துத் தலையைத் திருப்பும். ஆனால், இவ்வாறு இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில், செரோடோனின் என்னும் வேதிப்பொருள் சரியாகச் செயல்படவில்லை என்று கின்னியின் குழு கண்டது. அத்தகைய குழந்தை ஆபத்தை உணர்ந்து விழிக்காமல் போகலாம்.

இக்குறையை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வளரும் பருவத்தையும் தவிர்க்க முடியாது. மூன்றாவதை மட்டும் நாம் மாற்றலாம்.

மாற்றியதால் என்ன நடந்தது?

மேலை நாடுகளில் ஒரு காலத்தில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும்படி மருத்துவர்களே கூறினர். பிறகு 1987இல் நெதர்லாந்திலும், 1991இல் நியூசிலாந்து, பிரிட்டனிலும், 1994இல் அமெரிக்காவிலும் அதற்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. அமெரிக்காவில் பத்தாண்டுக்குள் இம்மரண விகிதம் சுமார் பாதியாகக் குறைந்தது. இதற்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

"மல்லாந்து படுத்தால் பால் புரையேறாதா?" என்று பாட்டி கேட்கலாம். அந்நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் புவியீர்ப்பை எதிர்த்து ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• பகலோ இரவோ, மல்லாந்தே தூங்க வையுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருந்தால் குப்புற விளையாடலாம்.
• படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். துணித் தொட்டிலில் உடல் வளைந்து தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுப்பாதை குறுகும்.
• தலையணை, திண்டு, பொம்மை வேண்டாம்.
• நம் வெப்பத்துக்கு மெல்லிய உடை போதும்.
• குழந்தை உள்ள வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது.
• பெற்றோர் அறையிலேயே, தனிப் படுக்கையில் உறங்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில வீடுகளில் இத்துயரம் நேர்கிறது. அப்போது தாயையோ பராமரிப்பாளரையோ பழிப்பது அறிவியலாகாது.

சிந்திக்க: குழந்தையின் முகத்தருகே போர்வை கிடந்தால், மூன்று காரணங்களில் எது கூடுகிறது?