சின்னதாக ஆரம்பிக்காதீர்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஒரு தனி வகைக் கூட்டம் தெரியும். பையன் சொன்ன மார்க்கை எடுத்துவிட்டான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அப்பா வந்திருக்கிறார். பையனின் போனில் நீல வெளிச்சத்தில் மினுங்கும் பவளங்களின் வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் பேரம் முடிந்து ஒரு குட்டிக் கண்ணாடிப் பெட்டி காரில் ஏறும். ஆகஸ்டில் அதே பெட்டியில் மணிபிளான்ட் வளரும். நான் விலங்கியல் நடத்திய காலத்திலிருந்து இந்தப் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் வாங்கியபிறகுதான் வருகிறார்கள். வாங்குவதற்கு முன் ஒருவராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மீன் மட்டும் உள்ள மரைன் தொட்டி, மென்பவளம் சேர்ந்த ரீஃப், கல்பவளம் வளர்க்கும் ரீஃப் என்று மூன்று வழி இருப்பது வீடியோ பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். உப்பின் அளவு லிட்டருக்குச் சுமார் 35 கிராம், வெப்பம் 25 முதல் 27 டிகிரி, அம்மோனியா பூஜ்யம் என்பதும் தெரியும். தெரியாதவர்களுக்குக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதையெல்லாம் விட்டுவிட்டு மேலே போகிறேன்.

கல்பவளம் பக்கமே போகாதீர்கள். வளர்ப்பது கஷ்டம் என்பதற்காகச் சொல்லவில்லை, சட்டத்துக்காகச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில், கல்பவளங்கள் 2001 முதல் இருக்கின்றன. கடல்குதிரையும் அதில் உண்டு. நம் கடலிலிருந்து எடுத்ததை வீட்டில் வைத்திருந்தால் குற்றம்; “சின்னத் துண்டுதானே சார்” என்கிற பேச்சு அங்கே எடுபடாது. ‘லைவ் ராக்’ என்று விற்பதும் பெரும்பாலும் செத்த பவளப்பாறைதான். தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. செயற்கைப் பாறை வாங்குங்கள். நுண்துளைகள் நிறைய இருந்தால் போதும், பாக்டீரியா பேதம் பார்க்காது. மென்பவளம் வாங்கினாலும் எங்கிருந்து வந்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இனி அளவுக்கு வருவோம். எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

“அப்பா சின்னதா ஆரம்பிக்கச் சொல்றார் சார். நல்லா வந்தா பெருசு வாங்கித் தர்றாராம்.” இந்த வாக்கியத்தை வெவ்வேறு குரல்களில் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அப்பாக்கள் சொல்வது பொதுவாக நல்ல புத்திமதிதான். கடல்நீர் விஷயத்தில் மட்டும் அது நேர்த் தலைகீழ். நானோ என்று விற்கிற குட்டித் தொட்டி ஆரம்பப் பாடமே அல்ல. பத்து வருடம் பெரிய தொட்டி வைத்துப் பழகியவர் எடுக்கவேண்டிய பரீட்சை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது லிட்டர் பெட்டியில் மணலும் பாறையும் போக நிற்கிற தண்ணீர் 25 லிட்டர். தண்ணீர் குளிர ஃபேன் வைத்தால் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயேதான் கிடக்கும். திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் போய்வந்தால் 35இல் இருந்த உப்பு 40ஐத் தொட்டிருக்கும். மென்பவளம் சுருங்கிக் கிடக்கும், இறால் செத்திருக்கும். அதே ஃபேனை நான்கடித் தொட்டியில் வையுங்கள். 250 லிட்டரில் நாளுக்கு நான்கு லிட்டர் போனாலும் மூன்று நாளில் 37ஐத் தாண்டாது. திரும்பிவந்து நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிசெய்துவிடலாம். தண்ணீர் அதிகம் இருந்தால் தவறுக்கு இடம் இருக்கிறது. புதிதாக வருகிறவருக்குத் தேவைப்படுவது அந்த இடம்தான், அதைத்தான் நானோ பறித்துக்கொள்கிறது.

அடுத்தது வெயில். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. கடலே அங்கே 31 டிகிரியைத் தாண்டியது. மே மாதம் சென்னையில் மூடிய அறையில் இருக்கும் தொட்டித் தண்ணீர் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். மோட்டாரும் விளக்கும் தரும் சூடு அதற்கு மேல். ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த ஊரில் அதற்கு மேல் அதனால் முடியாது. “ஏசி ரூம்ல வெச்சுக்கறேன் சார்” என்பார்கள். இரவெல்லாம் ஏசி ஓடும், காலையில் அம்மா வந்து நிறுத்துவார், மத்தியானம் அறை கொதிக்கும். பெரிய தொட்டி அந்த ஏற்ற இறக்கத்தை மெதுவாக வாங்கிக்கொள்ளும். 25 லிட்டர் ஒவ்வொரு நாளும் குளிர்ந்து சூடாகி, மீன் அதிலேயே களைத்துப்போகும். ஆகவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். நானோவுக்குச் சில்லர் வாங்கினால் தொட்டியின் விலையைப் போல பல மடங்கு ஆகும் என்பதால் யாரும் வாங்குவதில்லை. விற்பவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மீன் கதை இன்னும் மோசம். 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ பார்த்த வீடுகளில் நீமோவும் டோரியும் ஜோடியாக வேண்டும். டோரி என்கிற நீல டாங் முழு வளர்ச்சியில் ஓர் அடி வரும். நீந்திக்கொண்டே இருக்கும் மீன் அது. அதைக் குட்டிப் பெட்டியில் போட்டால் சில நாளில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால், 250 லிட்டரில் அந்த அம்மோனியா கரைந்துபோகலாம். 25 லிட்டரில் மற்றவையும் சேர்ந்து போகும்.

ஜகார்த்தாவின் லீ சின் எங் எந்தக் கருவியும் இல்லாமல் பாறையும் காற்றுக்குமிழியும் மட்டும் வைத்து அழகாக வளர்த்துக் காட்டி, 1961இல் எழுதவும் செய்தாரே என்று வாசித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்பது சந்தோஷம்தான். அவருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. புதுப் பாறையும் புதுத் தண்ணீரும் வேண்டியபோது கிடைத்தன. மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் அந்த வழியை யோசிக்கலாம். சென்னையில் கூவமும் அடையாறும் கடலில் கலக்கிற கரையிலிருந்து கேனில் தண்ணீர் பிடித்துவர நினைப்பவர் யோசிக்கக்கூடாது.

பணக் கணக்கையும் அப்பாக்கள் பார்க்கட்டும். நானோவிலிருந்து நான்கடிக்கு மாறும்போது பழைய விளக்கு போதாது, மோட்டார் போதாது, கழிவை நுரையாக அகற்றும் ஸ்கிம்மர் போதாது. மணலைக்கூட அப்படியே எடுத்துப் போட முடியாது. அடியில் தேங்கிய கழிவு கிளம்பித் தண்ணீரை நாசம் செய்யும். கூடப் போகக்கூடியது பாறை ஒன்றுதான். பாக்டீரியா குடியிருப்பதும் அதில்தான், தண்ணீரில் அல்ல. அப்படி மாற்றவேண்டி வந்துவிட்டவர்கள் பாறையை ஈரம் காயாமல் மாற்றுங்கள், மணல் புதிது போடுங்கள், முதல் மாதம் புது மீன் சேர்க்காதீர்கள்.

என் தீர்ப்பு, பாரபட்சம் என்றாலும் சரி: நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கீழே வடிகட்டலுக்கு ஒரு சம்ப் தொட்டி. தண்ணீரும் பாறையும் ஸ்டாண்டும் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டும். பால்கனியில் வேண்டாம், உள்ளே சுவரோரம் வையுங்கள். முதலில் சில்லர், பிறகு டிஐ (அயனிநீக்கி) இணைத்த ஆர்.ஓ. சமையலறை ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும், பாசிக்கு அதுவே போதும். உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். மிதக்கும் பிளாஸ்டிக் கருவியை நம்பாதீர்கள். ஆவியானதைத் தானாக ஊற்றும் டாப்-அப் கருவி, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இரண்டும் அடுத்து வரட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போன வீடுகளில் அந்த மோட்டாரின் அருமை தெரிந்தது. விளக்கு கடைசியில் வரட்டும். கல்யாண மண்டப வாசல் போல நீலமும் ஊதாவுமாக மினுக்குகிற விளக்கு எனக்குப் பிடிக்காது. மீனின் உண்மையான நிறம் வெள்ளை வெளிச்சத்தில்தான் தெரியும், மென்பவளத்துக்கும் சுமாரான விளக்கு போதும். இன்னொன்று: சில்லர் ஓடுகிற வீட்டில் மின் கணக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். வாங்கும் முன் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

முதல் வருடம் மீன் மட்டும் போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம், நீமோ வகைக் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்க்கிற முறையை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அப்படித் தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டியில் பிறந்தது முதல் நாளே தீனி தின்னும். அதற்குக் கடல்சாமந்தி வேண்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், வேண்டியதில்லை.

இதெல்லாம் கருவிகளைப் பற்றிய பேச்சு. ஆளைப் பற்றியும் சொல்லவேண்டும். கடல்நீர் ஊற்றியபின் நான்கிலிருந்து ஆறு வாரம் வெறும் தண்ணீரையும் பாறையையும்தான் பார்க்கவேண்டியிருக்கும். மூன்றாம் வாரம் எல்லாம் பழுப்பாகும், பிறகு பச்சையாகும். தானே வந்தது தானே போகும். அதற்குள் கை சும்மா இராமல் எதையாவது வாங்கி ஊற்றுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மார்க் நிறைய எடுத்தவர்கள் இதில் ஜெயிப்பார்கள் என்பது இல்லை. என்னிடம் படித்தவர்களில் தொட்டியை நன்றாக வைத்திருப்பவர்கள், வகுப்பில் பேசாமல் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்து, நோட்டில் எழுதிவைக்கிற சுபாவம் இருக்கிறதா என்று பாருங்கள். நண்பன் வைத்திருக்கிறான் என்பது காரணமாகாது.

பெற்றோருக்கு ஒன்று. தொட்டிக்கும் சில்லருக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் மொத்தமாகக் கொடுங்கள், பாதி கொடுத்து நானோ வாங்க வைக்காதீர்கள். இல்லையென்றால் இந்த வருடம் நன்னீர்த் தொட்டி வைக்கட்டும். அதற்குச் சில்லர் வேண்டாம், உப்பு வேண்டாம், ஆர்.ஓ.வும் வேண்டாம், குளோரின் போக வைத்த சென்னையின் கடினநீரிலேயே மோலியும் கப்பியும் குட்டி போட்டுக் குடும்பம் நடத்தும்.