மூட்டு வலியும் கிணற்று ஜலமும்

கொங்கு நாட்டுக் கிராமங்களில் முழங்கால் வலியோ இடுப்பு வலியோ இல்லாத வீடு அருமை. களை எடுத்தல், பருத்தி பறித்தல், மூட்டை சுமத்தல் ஆகிய வேலைகளும் வயோதிகமுமே இதற்குக் காரணம் என்பது குடியானவர்களின் அபிப்பிராயம். பெரும்பாலும் அது சரியே. 1996-ம் வருஷத்தில் மஹாராஷ்டிரத்தில் புனா ஜில்லாவைச் சேர்ந்த பிக்வான் கிராமத்தில் வீடுவீடாக விசாரித்ததில், வயது வந்தவர்களில் 100-க்கு 18 பேர் இத்தகைய வலியால் வருந்துவது தெரிந்தது.

ஆனால் ஓர் ஊரில் வாலிபர்களுக்கும் முதுகு விறைத்துக் குனிய முடியாமற் போகுமாயின், அவ்வூர்ப் பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு போன்ற வெண்மையோ பழுப்புக் கோடுகளோ காணப்படுமாயின், குடிக்கும் ஜலத்தைச் சந்தேகிக்க வேண்டும். பாறையினின்று ஜலத்தில் கரையும் புளோரைடு என்னும் சத்து, அளவு மீறினால், பல வருஷங்களில் எலும்பிலும் மூட்டுப் பந்தங்களிலும் படிந்து அவற்றை இறுகச் செய்யும்.

இந்நாட்டில் இவ்வியாதியை முதலில் காட்டிக் கொடுத்தவை உழவு மாடுகளே. 1930-களில், இப்போது ஆந்திராவின் பிரகாசம் ஜில்லாவாக உள்ள பகுதியில், மாடுகள் மூட்டு விறைத்து நடக்க மாட்டாமற் போனதைக் குடியானவர்கள் கண்டனர். அக்காலச் சென்னை மாகாணத்து மனிதரிடம் இந்நோய் இருப்பதை 1937-ல் ஷார்ட் முதலிய வைத்தியர்கள் விவரித்து வெளியிட்டனர்.

கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் இது புதிதன்று. முழங்கால்கள் உட்புறம் வளைந்து ஒன்றோடொன்று முட்டும் ஊனத்தை 1973-ல் நல்கொண்டாவில் ஆராய்ச்சியாளர் விவரித்தனர். பின்னர் பரம்பிக்குளம்–ஆழியாறு அணையை அடுத்த கிராமங்களிலும் அதே ஊனம் அறியப்பட்டது. அணைக் கசிவால் நிலத்தடி ஜலமும் மண்ணும் மாறியதும், சோளத்தில் மாலிப்டினம் மிகுந்ததும் இதற்குத் துணை செய்தன என்பது அவர்கள் கருத்து. அரிசி உண்போரைவிடச் சோளம் உண்போர் உடலில் புளோரைடு அதிகம் தங்குவதும் பரீட்சையில் தெரிந்தது. சோளத்தைக் கைவிட வேண்டும் என்பதல்ல, குற்றம் ஜலத்தினுடையது.

ஜலத்தைக் காய்ச்சினால் தோஷம் நீங்காது; சுண்டச் சுண்ட அதிகமாகும். இறுகிய எலும்பைத் தைலம் இளக்குவதுமில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு ஜலம் கிட்டாவிடில் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேற்பட்ட கிணற்றைப் பாசனத்துக்கு வைத்துக்கொண்டு, குடிப்பதற்கும் சமையலுக்கும் ஆற்று ஜலமோ, சேகரித்த மழை ஜலமோ உபயோகிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் ஊரிலுள்ள ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றிலிருந்தும் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் ஒரு லிட்டர் எடுத்து, கிணற்றின் பெயர், ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது நலம். ஆழ்குழாய்க் கிணறு புதிதாய்த் தோண்டினாலும் ஆழப்படுத்தினாலும் மறுபடி அனுப்ப வேண்டும்.