ஒருமுறை செட் செய்தால் 2100 வரை: சோலார் காலண்டர் வாட்சுக்கு முழுமையான வழிகாட்டி

தேதி காட்டும் சாதாரண வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் ஐந்து முறை ஒரு சின்ன வேலை உண்டு. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடிந்ததும் குமிழை இழுத்துத் தேதியை 1-க்குத் தள்ளியாக வேண்டும். மறந்தால் பேங்க் செல்லானில் தப்புத் தேதி எழுதுவோம். இது போக, செல் தீர்ந்தால் கடைக்கு நடக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் வாட்ச்தான் சோலார் பெர்பெச்சுவல் காலண்டர்.

ஆனால் முதல் தடவை செட் செய்யும்போது பலரும் மிரண்டுபோகிறார்கள். பெட்டியோடு வரும் கையேட்டின் பொடி எழுத்தைப் பார்த்தாலே பாதி ஆர்வம் போய்விடும். கவலை வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள், சேர்ந்தே செய்துவிடலாம்.

என்ன வாட்ச் இது?

டயல் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். அடியில் இருக்கும் சோலார் தகடு அதை மின்சாரமாக்கி, சின்ன ரீசார்ஜ் செல்லில் சேர்த்து வைக்கும். முள் உள்ள வாட்சை ஒளியால் ஓட்டும் உத்தியை ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் 1976-லேயே கொண்டுவந்துவிட்டது. இன்று அது ஈக்கோ டிரைவ் என்ற பெயரில் விற்கிறது. கேசியோவில் டஃப் சோலார் என்பார்கள். சீக்கோவிலும் சோலார் வகைகள் உண்டு.

பெர்பெச்சுவல் காலண்டர் என்பது வேறு சங்கதி. எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 31, எந்த வருடம் லீப் என்பதெல்லாம் வாட்சுக்கே தெரியும். பல்சக்கரங்களை மட்டும் வைத்து இதைச் செய்யும் கைக்கடிகாரத்தை சுவிட்சர்லாந்தின் படேக் பிலிப் 1925-ல் செய்தது. அந்த ரகம் இன்றும் லட்சங்களில்தான் விற்கிறது. நம் வாட்சில் அதே கணக்கை ஒரு சிப் போடுகிறது.

2100 என்ற எல்லை ஏன்? நான்கால் வகுபடும் வருடம் லீப் வருடம். ஆனால் நூற்றாண்டு முடியும் வருடம் 400-ஆலும் வகுபட வேண்டும். 2000 வகுபட்டது, 2100 வகுபடாது. அந்த விதிவிலக்கு சிப்புக்குச் சொல்லித் தரப்படவில்லை. 2100 மார்ச் 1 அன்று அது பிப்ரவரி 29 என்று காட்டும். அந்தக் கவலையைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம். (தமிழ் மாதம் காட்டும் வாட்ச் உண்டா என்று ஒரு நண்பர் கேட்டார். நம் மாதங்கள் 29 நாளிலிருந்து 32 நாள் வரை சூரியனின் நகர்வைப் பார்த்து நீளும், சுருங்கும். அதற்குப் பஞ்சாங்கம்தான்.)

எவ்வளவு ஆகும்?

எண்களில் நேரம் காட்டும் கேசியோ சோலார் வாட்ச் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். அதில் 2099 வரை தானியங்கிக் காலண்டரும் இருக்கும். பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். முட்களும் தேதிச் சக்கரமும் உள்ள சிட்டிசன் பெர்பெச்சுவல் காலண்டர் வேண்டுமென்றால் இருபதாயிரத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். சோலார் என்று எழுதியிருப்பதெல்லாம் பெர்பெச்சுவல் அல்ல, கடைக்காரரிடம் “லீப் வருஷமும் தானா மாறுமா?” என்று நேராகக் கேளுங்கள். அடுத்தது, ரேடியோ அலையில் தானே நேரம் திருத்திக்கொள்ளும் என்று சொல்லி விற்கும் வாட்ச். அந்த அலையை அனுப்பும் நிலையங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ப்ளூடூத்தில் மொபைலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வகை நமக்குப் பயன்படும்.

முதலில் வெயில், பிறகுதான் குமிழ்

புது வாட்ச் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, உடனே குமிழை இழுப்பது. கடை ஷோகேஸிலும் பெட்டியிலும் கிடந்த வாட்சில் சார்ஜ் குறைவாக இருக்கும். பாதி செட் செய்யும்போது நின்றுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டயல் மேல்நோக்கி இருக்கும்படி ஜன்னலோரம் காலை வெயிலில் வையுங்கள். நேர் வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். ஆபீஸ் விளக்கின் வெளிச்சம் 500 லக்ஸ்தான். வெயிலில் சில நிமிடம் காட்டினால் கிடைக்கும் ஒரு நாள் சார்ஜுக்கு ஆபீஸ் விளக்கில் சில மணி நேரம் பிடிக்கும். முழுக்க நின்றுபோன வாட்ச் முழு சார்ஜ் ஆக, மாடலைப் பொறுத்து, பத்து மணி நேர வெயில்கூடத் தேவைப்படலாம். இரண்டு மூன்று காலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், நிறைந்ததும் அதுவே நிறுத்திக்கொள்ளும்.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு. 60 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் செல் கெடும். கார் டேஷ்போர்டு, மொட்டை மாடித் தரை, குண்டு பல்பின் அருகில், இந்த மூன்று இடமும் கூடாது.

பின்பக்கத்தைத் திருப்புங்கள்

வாட்சின் முதுகில் சில எண்கள் பொறித்திருக்கும். சிட்டிசனில் கோட்டுக்கு முன்னால் வரும் நான்கு எழுத்து, எண்கள்தான் இயந்திரத்தின் எண். கேசியோவில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் கையேடு இலவசமாகக் கிடைக்கும். மொபைலில் பெரிதாக்கிப் படிக்கலாம். எந்தப் பொத்தானை எத்தனை வினாடி அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதை அங்கே பாருங்கள். வரிசை மட்டும் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முட்கள் தொடக்க நிலையில் இருக்கின்றனவா?

இது முக்கியமான படி, பெரும்பாலோர் தாண்டிவிடும் படியும் இதுதான். சிப் தன் மனதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. “இப்போது முள் 12-ல் இருக்கிறது” என்று அது நினைக்கும் நேரத்தில், கீழே விழுந்த அதிர்ச்சியிலோ காந்தத்தாலோ நிஜ முள் இரண்டு கோடு தள்ளி நிற்கலாம். அப்படியிருந்தால் நாம் எவ்வளவு சரியாக செட் செய்தாலும் தப்பாகத்தான் காட்டும்.

அதற்காகவே தொடக்க நிலை என்று ஒன்று உண்டு. கையேட்டில் சொன்னபடி அந்த நிலைக்குப் போனால் முட்கள் தாமாக ஓடி 12:00:00-ல் வந்து நிற்க வேண்டும். தேதிச் சக்கரமும் படத்தில் காட்டிய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் குமிழைத் திருகி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். வாட்ச் முழுக்க நின்றுபோயிருந்தாலோ, பைத்தியம் பிடித்ததுபோல் நடந்துகொண்டாலோ, முதலில் கையேட்டில் உள்ளபடி ஆல் ரீசெட் (எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவது) செய்துவிட்டு இந்தப் படிக்கு வாருங்கள்.

நேரம்

மொபைலில் நேரம் தானாக அமையும்படி வைத்திருந்தால் அதைப் பார்த்தே செட் செய்யலாம். இந்திய நேரத்தின் மூலக் கடிகாரம் புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஓடுகிறது, நம் மொபைல் அதிலிருந்து வினாடிக் கணக்கில் விலகிவிடாது.

24 மணி காட்டும் குட்டி முள் இருந்தால் அதையும் பாருங்கள். காலை பத்தா, இரவு பத்தா? இதைக் கவனிக்காமல் விட்டால் தேதி நண்பகல் 12-க்கு மாறும். நாமோ வாட்ச் பழுது என்று கடைக்கு ஓடுவோம்.

காலண்டர்: இங்கேதான் வித்தை

எண் காட்டும் வாட்சில் வருடம், மாதம், தேதி என்று வரிசையாக ஏற்றினால் வேலை முடிந்தது. முள் வாட்சில் வருடத்தைக் காட்ட இடமே இல்லையே, அதற்கு எப்படிச் சொல்வது? சிட்டிசனின் பல பெர்பெச்சுவல் இயந்திரங்களில் அந்த வேலை வினாடி முள்ளுக்கு. எனக்கு இந்த வாட்சில் மிகவும் பிடித்த பகுதி இது.

காலண்டர் செட் செய்யும் நிலைக்குப் போனதும் டயலின் பன்னிரண்டு மணிகளும் பன்னிரண்டு மாதங்களாகிவிடும். 1-க்கும் 2-க்கும் நடுவே ஜனவரி, 2-க்கும் 3-க்கும் நடுவே பிப்ரவரி என்று போய் 12-க்கும் 1-க்கும் நடுவே டிசம்பர். ஒவ்வொரு மாத இடத்திலும் லீப் வருடத்துக்குப் பின் எத்தனையாவது வருடம் என்று எண்ண வேண்டும். லீப் வருடமென்றால் மணிக் கோட்டிலேயே முள்ளை நிறுத்துங்கள். அடுத்த வருடத்துக்கு ஒரு கோடு, அதற்கடுத்து இரண்டு, மூன்றாம் வருடத்துக்கு மூன்று கோடு தாண்டி.

2024 லீப் வருடம். எனவே 2026 இரண்டாம் வருடம். 2026 ஆகஸ்டில் செட் செய்கிறோம் என்றால், 8 மணிக் கோடு 40-வது வினாடி, அதற்கு மேல் இரண்டு. முள் 42-ல் நிற்க வேண்டும். 2026 டிசம்பர் என்றால் 2-வது வினாடி. 2027 ஜனவரி என்றால் 5-உம் 3-உம், 8-வது வினாடி. ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு முள்ளைத் திருப்புங்கள். கண் ஒரு கோட்டைத் தவறவிட்டாலும் லீப் கணக்கே மாறிவிடும்.

பிறகு தேதி, அதன் பின் கிழமை. தேதிச் சக்கரம் மெதுவாகத்தான் நகரும். 2-லிருந்து 30-க்குப் போவதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம். அவசரப்பட்டுக் குமிழைப் பலமாகத் திருக வேண்டாம். நள்ளிரவை ஒட்டியும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், அந்நேரம் வாட்ச் தானே தேதியை மாற்றிக்கொண்டிருக்கும். முடிந்ததும் குமிழை நன்றாக உள்ளே அழுத்துங்கள். பாதியில் விட்டால் வாட்சும் ஓடாது, தண்ணீரும் உள்ளே போகும்.

அன்றாடப் பராமரிப்பு

கையில் கட்டியிருப்பதே பராமரிப்பு. முழுக்கைச் சட்டை போடுபவர்கள் வீட்டுக்கு வந்ததும் கழற்றி வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் போதும்.

வினாடி முள் இரண்டிரண்டு வினாடியாகத் தாவினால் வாட்ச் பசிக்கிறது என்று சொல்கிறது. பழுது அல்ல. அன்றைக்கே வெயில் காட்டுங்கள். பல மாடல்களில் பல நாள் இருட்டில் கிடந்தால் முட்கள் நின்று தூங்கும். உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் பட்டதும் முட்கள் ஓடிப் போய்ச் சரியான நேரத்தைப் பிடிக்கும். அதை ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. ஆனால் சார்ஜ் முழுவதும் தீர்ந்தால் காலண்டர் மறந்துபோகும். மேலே சொன்ன அத்தனை படியையும் மறுபடி ஏற வேண்டும்.

இந்த வாட்சுகள் மாதத்துக்குச் சுமார் 15 வினாடி வரை முன்பின் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிமிட முள்ளைத் திருத்தினால் போதும், காலண்டரைத் தொட வேண்டாம். செயினில் சேரும் வியர்வை அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போக்கிவிடும். தோல் வாராக இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் தடுக்கும் ரப்பர் வளையம் நாளடைவில் கெட்டியாகிவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் சென்டரில் காட்டி, செலவு எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

உஷார்!

ஸ்பீக்கர், காந்த மூடி உள்ள மொபைல் உறை, இவற்றின் மேல் வாட்சை வைக்காதீர்கள்.

எனக்குக் கல்யாணப் பரிசாக ஒரு சோலார் வாட்ச் வந்தது. நாள் கிழமைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தினேன். வருடம் கழித்து எடுத்தால் நின்றிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் “செல் போச்சு சார்” என்று சொல்லி ஒரு சாதாரண செல்லைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாள் வெயில் காட்டியிருந்தாலே பிழைத்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த செல் கசிந்து சர்க்யூட்டே போனது. மாற்றக் கொடுத்த காசில் நல்லதொரு சாதாரண வாட்ச் வாங்கியிருக்கலாம். ரீசார்ஜ் செல்லின் இடத்தில் சாதாரண செல்லைப் போட்டால் கசியும், வெடிக்கக்கூடச் செய்யும். செல் மாற்றத்தான் வேண்டும் என்றால் அதே மாடலுக்குரிய ரீசார்ஜ் செல், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்.

நாம் வருடத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தோமா என்பதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. 2028 பிப்ரவரி 28, திங்கட்கிழமை இரவு 12 மணிக்குக் கொஞ்சம் விழித்திருந்து பாருங்கள். தேதி 29-ல் நின்றால் பாஸ். 1-க்கு ஓடிவிட்டால் காலையில் வினாடி முள்ளிலிருந்து மறுபடி தொடங்குவோம்.