முதல் ஆல்பம் பதியப் போகும் பிள்ளைகளுக்கு

இசைக்குழு தொடங்கி, முதல் ஆல்பத்துக்குப் பாட்டு சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, ஸ்டுடியோவுக்குப் போகும் முன் ஓர் ஆல்பத்தை உட்கார்ந்து கேளுங்கள். 1976 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து வந்த ‘ரமோன்ஸ்’ குழுவின் முதல் ஆல்பம் அது. பங்க் இசைக்கு வழி போட்டது. அது உருவான விதமும் உலகம் அதை ஏற்ற விதமும் உங்களுக்குப் பாடமாகும்.

1. கைக்கு வருவதை முழுமையாகச் செய்யுங்கள். குயின்ஸ் பகுதியின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் பழகிய அந்த நால்வரும் வித்வான்கள் அல்லர். கிதார் வாசித்த ஜானி நீண்ட தனி வாசிப்புகளுக்கு ஆசைப்படவில்லை. தந்திகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடித்தார். அதே வேகத்தில் ஒரு பாட்டு முழுக்க அப்படி அடித்துப் பாருங்கள், மணிக்கட்டு கடுக்கும். எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு அவர்கள் போட்ட உழைப்பு பெரிது.

2. மேடையில் பழுத்த பாட்டையே பதியுங்கள். 1974 ஆகஸ்டில் பௌவரி தெருவின் சிபிஜிபி மன்றத்தில் வாசிக்கத் தொடங்கியவர்கள், 1976 பிப்ரவரியில்தான் இந்த ஆல்பத்தைப் பதிந்தார்கள். ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்திலிருந்த பிளாஸா சவுண்ட் ஸ்டுடியோவில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. செலவு சுமார் 6,400 டாலர். அந்த ஒரு வாரத்துக்குப் பின்னால் ஒன்றரை ஆண்டு மேடை இருந்தது. ஸ்டுடியோ வாடகை ஓடும்போது பாட்டைத் தேடாதீர்கள்.

3. சீக்கிரம் முடியுங்கள், அவசரப்படாதீர்கள். ஹெட்ஃபோனில் அந்த ஆல்பத்தைப் போட்டு, ஒரு காதை மட்டும் விலக்கிக் கேளுங்கள். ஒரு பக்கம் பேஸ், மறுபக்கம் கிதார், நடுவில் குரலும் டிரம்ஸும். 1960-களின் தொடக்ககால ஸ்டீரியோ பதிவுகளைப் போலத் தயாரிப்பாளர் கிரெய்க் லியான் ஒலியைப் பிரித்து வைத்திருக்கிறார். டிரம்ஸ் வாசித்த டாமியும் தயாரிப்பில் துணை நின்றார். கேட்க முரட்டுத்தனமாக இருப்பதெல்லாம் கவனித்து எடுத்த முடிவுகள்.

4. பாட்டை இழுக்காதீர்கள். 14 பாட்டுகள், மொத்தம் 29 நிமிடம். ஒரு பாட்டுகூட மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. சொல்லி முடிந்ததும் நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும்.

5. அட்டையில் நீங்களாகவே நில்லுங்கள். முதலில் எடுத்த படங்கள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ‘பங்க்’ பத்திரிகைக்காக ராபர்ட்டா பெய்லி எடுத்திருந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை 125 டாலருக்கு வாங்கினார்கள். செங்கல் சுவர், தோல் ஜாக்கெட், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். பாட்டு எப்படியோ படமும் அப்படி.

6. அதிர்ச்சிக்காக எழுதும் வரியை இரண்டு முறை யோசியுங்கள். இந்த ஆல்பத்தில் எல்லாமே பின்பற்றத் தக்கதல்ல. நாஜிப் பேச்சையும், போதைக்காகப் பசை முகர்வதையும் விளையாட்டாகப் பேசும் பாட்டுகள் அதில் உண்டு. பாடகர் ஜோயி யூதர். டாமியின் பெற்றோர் யூத இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்கள். அந்தக் கசப்பான கேலியை இப்பின்னணி தெரிந்தவர் புரிந்துகொள்ளலாம். தெரியாதவர் காதுக்கு வரி மட்டுமே போய்ச் சேரும். விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

7. விற்பனைப் பட்டியலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பில்போர்டு பட்டியலில் இந்த ஆல்பம் 111-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. தனியாக வெளியிட்ட இரண்டு பாட்டுகளும் அமெரிக்கப் பட்டியலில் இடம் பிடிக்கவில்லை. விமர்சகர்கள் பலர் பாராட்டியும் கடையில் கூட்டம் சேரவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலை 4 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸில் வாசித்தார்கள். மறுநாளும் அந்நகரில் நிகழ்ச்சி. அந்தப் பயணத்தில் அவர்களைச் சந்தித்தவர்களில் ‘த கிளாஷ்’, ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவினரும் உண்டு. அந்த இளைஞர்கள் அடுத்த ஆண்டே தங்கள் முதல் ஆல்பங்களைக் கொண்டுவந்தார்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதோடு, கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 5 லட்சம் பிரதிக்கான தங்கச் சான்று அமெரிக்காவில் 2014-இல்தான் கிடைத்தது. அப்போது நால்வரில் டாமி மட்டுமே உயிரோடு இருந்தார். அவரும் அந்த ஜூலையில் மறைந்தார்.

8. காத்திருக்காதீர்கள். முதல் ஆல்பம் விற்கவில்லையே என்று அவர்கள் முடங்கவில்லை. 1977 முடிவதற்குள் இன்னும் இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார்கள். 1996 வரை மேடையேறினார்கள். பாராட்டு வரும் நாளை நீங்கள் குறிக்க முடியாது. அடுத்த ஒத்திகைக்கு நாள் குறிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆல்பம் வெளியாகும் வாரத்திலேயே அதைக் குறித்துவிடுங்கள்.