தண்ணி எங்கே போகுது?

ஆட்டோமொபைல் படிக்கிறோம் என்று தெரிந்ததுமே ஊரில் நம்மிடம் கேட்கிற முதல் கேள்வி, "ரேடியேட்டர்ல தண்ணி குறையுதே தம்பி, ஏன்?" என்பதுதான். கூலிங் சிஸ்டம் படம் போட்டு மார்க் வாங்கிவிடுகிறோம். லீக்கைத் தேடுவது வேறு வித்தை.

என் மாமா ஏனாத்தூரில் இருக்கிறார். நெய்து முடித்த பட்டுப் புடவைகளைத் தன் பழைய மாருதி 800-ல் வைத்து சென்னைக் கடைகளுக்குக் கொண்டு போவார். 1983-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்ற வண்டி. தினமும் அரை லிட்டர் தண்ணி குறைய ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு ஒர்க் ஷாப்பில் பார்த்த உடனே, "ஹெட் கேஸ்கட் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று பெரிய எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். மாமாவுக்கு அது ஒரு புடவையின் லாபம் இல்லை, ஒரு சீசனின் லாபம்.

ஹெட்டை அவிழ்க்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. கேஸ்கட் உடைந்து தண்ணி சிலிண்டருக்குள் போனால் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆயிலில் கலந்தால் டிப் ஸ்டிக்கில் பால் டீ நிறம் தெரியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வரும். மாமா வண்டியில் மூன்றும் இல்லை. ஸ்பார்க் பிளக்குகளும் காய்ந்தே இருந்தன. அப்போ லீக் வெளியேதான்.

வெளியே என்றால் ஏன் தெரியவில்லை? ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள், 0.9 என்று அச்சடித்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். வண்டி ஓடிச் சூடானால்தான் அழுத்தம் ஏறும், அப்போதுதான் சில லீக்குகள் கசியும். கசிந்ததும் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஹோஸ் கிளாம்ப் விஷயம் நேர் எதிர்: சூட்டில் இறுகி, ராத்திரி ஆறியதும் சொட்டும். அதனால் காலையில் ஒரு தடவை, ஓடி வந்ததும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நாங்கள் பிரஷர் டெஸ்டர் இரவல் வாங்கினோம். ஆறிய இன்ஜினில், மூடி இருந்த இடத்தில் மாட்டி, கைப் பம்பால் 0.9 வரை ஏற்றினோம். பத்து நிமிஷத்தில் முள் இறங்கியது. டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துத் தேடினால், வாட்டர் பம்பின் ஷாஃப்ட்டுக்கு அடியில் உள்ள சின்ன ஓட்டையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு! மாமா போர் தண்ணிதான் ஊற்றி வந்தார். அதன் உப்பு காய்ந்து, லீக் போன வழியைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஓட்டை அடைக்க வேண்டிய ஓட்டை இல்லை. உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எம்சீல் வைத்து அடைத்தால் தண்ணி பேரிங்குக்குப் போகும். புல்லியை ஆட்டினோம், ஆட்டமும் இருந்தது. பம்பை மாற்றினோம், எஸ்டிமேட்டில் சிறு பங்குதான் ஆனது.

"டெய்லி ஊத்திக்கிட்டா போதாதா மாப்ளே?" என்றார் மாமா. போதாது. 800-க்கு அலுமினிய ஹெட். ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக்கில் தண்ணி தீர்ந்து சூடேறினால் ஹெட் வளையும். அப்புறம் அந்த ஒர்க் ஷாப் சொன்னது நிஜமாகிவிடும்.

இப்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றியிருக்கிறோம். கூலன்ட் விஷம், ஆனால் இனிக்கும். நாய் நக்கும், குழந்தை குடிக்கும். தயவு செய்து தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன் பக்கத்தில் கை நீட்டும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், அது எப்போது சுற்றும் என்று சொல்ல முடியாது.