மார்பில் வைக்கும் சிலிகோன் பை

மூட்டையில் குத்தூசி போட்டு, அரிசியைக் கையில் கொட்டிப் பார்த்த பின்னரே நாம் விலை பேசுவோம். மேலே குத்திய முத்திரையை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்பவர் நம் வணிகரில் அரிது. ஆனால் உடம்புக்குள் வைத்துத் தைக்கும் ஒரு சரக்கில், முத்திரையை நம்பிய பெண்மணிகள் பல்லாயிரவர் ஏமாந்து போனார்கள். மார்பைப் பெரிதாக்க வைக்கும் சிலிகோன் பைதான் அச்சரக்கு.

பிரான்சின் தென்கரையில் இருந்த பி.ஐ.பி. என்னும் கம்பெனி, ஐரோப்பியத் தர முத்திரையுடன் இப்பைகளைப் பல நாடுகளுக்கு அனுப்பி வந்தது. உள்ளே நிரப்பியதோ வைத்தியத்துக்கென அனுமதி பெற்ற சிலிகோன் அன்று. தொழிற்சாலை வேலைகளுக்கான மலிவுச் சரக்கு. சோதிப்போர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தமையால், அந்நாளில் பீப்பாய்கள் மறைந்துவிடும்! 2010 மார்ச்சில் குட்டு வெளிப்பட்டபோது, ஏறத்தாழ 300,000 பெண்கள் அப்பைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். 2013-இல் மார்சேல் நீதிமன்றம் கம்பெனி அதிபருக்கு 4 ஆண்டுச் சிறை விதித்தது. கம்பெனி திவாலாகிவிட்டபடியால், நஷ்டஈடு கேட்டவர்கள் முத்திரையளித்த ஸ்தாபனத்தின் மீது வழக்காட நேர்ந்தது.

அப்படியானால் மோசடியற்ற சரக்குக்குப் பயமில்லையா என்று கேட்கலாம். உண்டு. எந்தப் பையை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றித் தழும்பினால் ஓர் உறை கட்டும். சிலருக்கு அவ்வுறை இறுகி, மார்பு கல்லாகி வலியெடுக்கும். உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பு சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். சிலிகோன் கிழிந்தாலோ வெளியே தெரியாமலே இருக்கலாம். ஆகவே 5, 6 ஆண்டுகளில் ஸ்கேன் எடுத்து, பின்னர் 2, 3 ஆண்டுக்கொரு முறை பார்க்கும்படி அமெரிக்க மருந்துத்துறை கூறுகிறது. இவை ஆயுள் முழுவதும் உழைப்பவையல்ல. மறு ஆபரேஷன் பலருக்கு வேண்டியிருக்கும். தாய்ப்பால் கொடுப்பதிலும் இடையூறு வரலாம்.

சொரசொரப்பான மேற்புறமுள்ள பைகளைச் சுற்றி, அபூர்வமாக நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றும் தோன்றுகிறது. அதனால் 2019 ஜூலையில் அல்லர்கன் கம்பெனி ஒருவகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. நோய்க்குறி இல்லாதவர்கள் பையை எடுத்துவிட வேண்டியதில்லை என்றே அப்போது சொல்லப்பட்டது. வீக்கம் கண்டால் தாமதமின்றி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

புற்றுநோயால் மார்பை இழந்தோரும் இப்பையை நாடுவதால், இதை வெறும் அலங்கார ஆசையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் வீட்டுப் பெண்மக்களில் எவரேனும் மலிவென்று அயல்நாடு போய்ச் செய்துகொள்ள எண்ணினால், ஊர் திரும்பியபின் சோதிப்பவர் யார், மறு ஆபரேஷன் செலவு யாருடையது என்பதை முதலிலேயே கணக்குப் பாருங்கள். பையின் கம்பெனி, மாதிரி, இலக்கம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, கடைப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வரும் நாளில், அட்டையில்லாதவர் தம்முள் இருப்பது எச்சரக்கென்று எங்ஙனம் அறிவார்?